டியூட்டி நேரமும் மருத்துவரின் பணிச்சோர்வும்

மருத்துவர்களின் பணிச்சோர்வைப் போக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தால், யோகா வகுப்பும் மனநல ஆலோசனையும்தான் முதலில் வருகின்றன. அவற்றால் பயன் இல்லாமல் இல்லை. ஆனால் கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் 1981இல் உருவாக்கிய அளவுகோலின்படி பணிச்சோர்வுக்கு மூன்று கூறுகள்: மனம் வற்றிப்போவது, நோயாளியை வெறும் கேஸாகப் பார்க்கத் தொடங்குவது, நாம் செய்து என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம். உலக சுகாதார நிறுவனமும் 2019இல் இதை நோய் என்று சொல்லவில்லை. வேலை சார்ந்த நிலை என்றே வகைப்படுத்தியது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான பகுப்பாய்வில், மருத்துவருக்குத் தனியாகத் தரும் பயிற்சியைவிட வேலை முறையில் செய்த மாற்றங்களே கூடுதல் பலன் தந்திருந்தன.

நியூயார்க்கில் 1984இல் 18 வயதுப் பெண் ஒருவர் மருத்துவமனையில் சேர்ந்த சில மணி நேரத்தில் இறந்தார். பயிற்சி மருத்துவர்கள் ஓய்வின்றி உழைப்பது பற்றி அப்போது எழுந்த கேள்விகள், 1989இல் அம்மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு வைப்பதில் முடிந்தன. இதுவே மிக அதிகம் என்பேன். பாஸ்டனில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், 24 மணி நேரத்தைத் தாண்டும் டியூட்டி இருந்தபோது பயிற்சி மருத்துவர்களின் கடுமையான பிழைகள், அதை நீக்கிய அட்டவணையில் இருந்ததைவிட 36 சதவீதம் அதிகம். மூத்த மருத்துவர்கள் இதற்கு ஒரு மறுப்பு சொல்வார்கள்: நேரத்தைக் குறைத்தால் நோயாளி கைமாறிக்கொண்டே இருப்பார், தகவல் விட்டுப்போகும். நியாயமான கவலைதான். நீண்ட டியூட்டியை அனுமதித்த பின்னாளைய அமெரிக்க ஆய்வுகளில் நோயாளி இறப்பு கூடவில்லை என்பதும் உண்மை. ஆனால் அங்கே ஒப்பிடப்பட்ட இரு தரப்பும் 80 மணி நேர வரம்புக்குள்தான் இருந்தன. வரம்பே வேண்டாம் என்பதற்கு அவை சான்றாகா. கைமாற்றத்தையும் சீர்செய்ய முடியும். ஒன்பது மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவுகளில் பணி ஒப்படைப்புக்கு ஒரே ஒழுங்குமுறையைக் கொண்டுவந்தபோது மருத்துவப் பிழைகள் 23 சதவீதம் குறைந்ததாக 2014இல் பதிவாகியுள்ளது.

நேரத்தை மட்டும் குறைத்தாலும் போதாது. நோயாளியோடு செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கணினியிலும் எழுத்து வேலையிலும் போகிறது என்று 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. நம் நாட்டிலோ நேர வரம்பே இன்னும் உறுதியாக இல்லை. 1992ஆம் ஆண்டின் மத்திய அரசு உத்தரவு, உறைவிட மருத்துவரின் தொடர்பணி சாதாரணமாக நாளுக்கு 12 மணி நேரத்தைத் தாண்டாது என்கிறது. அந்தச் ‘சாதாரணமாக’ என்ற சொல் வழியாகத்தான் 24, 36 மணி நேர டியூட்டிகள் உள்ளே நுழைகின்றன. அந்தச் சொல்லை நீக்கிவிட்டு, மீறும் நிர்வாகத்தைப் பொறுப்பாக்கி, நைட் டியூட்டி முடித்தவரை மறுநாள் காலை ஓபியில் உட்கார வைக்காதபடி கூடுதல் பணியிடங்களையும் அரசு நிரப்ப வேண்டும்.