மெரினாவுக்கு வடக்கே ஒரு ஞாயிறு

ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வந்தால் எல்லோரும் மெரினாவுக்கு அழைத்துப் போவார்கள். தண்டையார்பேட்டைக்காரியான நான் வடக்கே கூட்டிப் போவேன். மெரினா மணலின் கதையே எங்கள் பக்கத்துக் கதைதான். ஆண்டில் பெரும்பாலான மாதங்கள் இந்தக் கடல் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளும். 1870களில் துறைமுகச் சுவர்கள் கடலுக்குள் நீண்டபோது அந்த மணல் தெற்கே தேங்கி மெரினா அகன்றது. வடக்கே மணல் வரத்து குறைந்து, கடல் ஊரையே அரித்தது. எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் கருங்கல் சுவரும் தூண்டில் வளைவுகளுமாக இருப்பது அதனால்தான்.

பீச் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறினால் அடுத்த நிறுத்தம் ராயபுரம். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. நாட்டில் இன்றும் நிற்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் இது. உயர்ந்த தூண்கள் வரிசையாக நிற்கும் அந்த முகப்பை ஐந்து நிமிடமாவது நின்று பாருங்கள்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு விடியுமுன் போய்விட வேண்டும். விசைப்படகுகள் கரை சேர்ந்து, கூடை கூடையாக ஏலம் நடக்கும். மீன்கார அம்மா வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிக் காட்டி, "பாரு கண்ணு, எப்டி செவப்பா கீது!" என்பார். செவுள் வெளுத்திருந்தால் வாங்காதீர்கள்.

அங்கிருந்து திருவொற்றியூர் தியாகராஜர் கோயில். மெட்ரோவில் வந்தால் தேரடி நிலையத்தில் இறங்கலாம். மூலவரான ஆதிபுரீஸ்வரர் கருவறையின் விமானம் யானையின் பின்புறம் போல வளைந்திருக்கும். தூங்கானை மாடம் என்பார்கள். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லால் எழுப்பியது. கட்டிய தச்சனின் பெயரையும் கல்வெட்டு சொல்கிறது: ரவி என்ற வீரசோழத் தச்சன். எத்தனை கோயில்களில் தச்சனின் பெயர் நமக்குத் தெரியும்? மூலவர் ஆண்டு முழுவதும் கவசத்துக்குள் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் களைந்து தைலக்காப்பு சாத்துவார்கள். கடற்கரைப் பக்கம் பட்டினத்தார் சமாதியும் இருக்கிறது.

கடைசியாக எண்ணூர் முகத்துவாரம். கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடம். முட்டளவு தண்ணீரில் பெண்கள் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துப் பறியில் போடுவார்கள். பின்னால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். கழிமுகத்தில் படிந்த சாம்பலால் ஆற்றின் ஆழம் குறைந்துவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது. படகு, வலை, அலையாத்தி வேர் எல்லாம் கறுத்தன. மீனவர்களே வாளியும் கையுமாக அதை அள்ளினார்கள். மாநகரத்துக்கு மின்சாரமும் சரக்கும் தரும் கரைக்கு இந்தக் கதி கூடாது.

பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். முகத்துவாரத்தைத் தூர்வாரிக் காப்பாற்றுங்கள் என்று எங்கள் மீனவர்கள் கேட்கும்போது, நேரில் பார்த்தவர்களாக நீங்களும் சேர்ந்து கேளுங்கள்.