செவிப்பறைக்கு ஒட்டுப் போடுவது எப்படி?

சட்டை கிழிந்தால் ஒட்டுப் போடுகிறோம். ஒட்டுத் துணியை உள்பக்கம் வைத்துத் தைக்கலாம், வெளிப்பக்கமும் வைக்கலாம். மெல்லிய துணி போதுமா, கெட்டித் துணி வேண்டுமா என்றும் பார்க்கவேண்டும். செவிப்பறையில் ஓட்டை விழுந்தால் காது மருத்துவரும் இதே இரண்டு கேள்விகளைத்தான் கேட்டுக்கொள்கிறார். ஆனால் அவர் ஒட்டுப் போடும் 'துணி' 9 மில்லிமீட்டர் அளவு அகலமும், சுமார் 0.1 மில்லிமீட்டர் கனமும் உடையது!

செவிப்பறையில் மூன்று அடுக்குகள் உண்டு. வெளியே மெல்லிய தோல், நடுவே நார்ப் படலம், உள்ளே சளிச்சவ்வு. ஒலி மோதும்போது செவிப்பறை அதிர்கிறது. அந்த அதிர்வைச் சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிறு எலும்புகள் உட்செவிக்குக் கொண்டு செல்கின்றன. அங்கவடியின் அடித்தட்டைவிடச் செவிப்பறையின் அதிரும் பரப்பு சுமார் 17 மடங்கு பெரியது. பெரிய பரப்பில் விழும் விசை சிறிய பரப்பில் குவிவதால் அழுத்தம் பெருகுகிறது. பெரிய ஓட்டை விழுந்தால் இந்தப் பெருக்கம் குறைகிறது. வகுப்பில் ஆசிரியர் சொல்வது சரியாகக் கேட்காது. குளிக்கும் நீர் உள்ளே சென்றால் சீழ் வடியவும் கூடும்.

தானாக மூடாதா?

அடிபட்டு ஏற்படும் புதிய ஓட்டைகளில் பெரும்பாலானவை சில வாரங்களில் தாமாகவே மூடிக்கொள்கின்றன. நாட்பட்ட ஓட்டை அப்படியன்று. அதன் ஓரத்தில் வெளித்தோல் உள்ளே வளைந்து சளிச்சவ்வுடன் சேர்ந்துவிடும். அத்துடன் வளர்ச்சி நின்றுவிடும். ஆகவே மருத்துவர் முதலில் அந்த ஓரத்தைச் சீவி நீக்கிப் புதுப் புண்ணாக்குகிறார். பிறகே ஒட்டு.

1640-ல் பான்சர் என்ற ஜெர்மானியர் சிறு குழாயின் வாயில் பன்றியின் சிறுநீர்ப்பையைப் பொருத்திக் காதில் செருகினார். 1853-ல் லண்டனில் டாயின்பீ ரப்பர் வில்லையைப் பயன்படுத்தினார். 1878-ல் பெர்தோல்ட் தோலையே ஒட்டினார். 1950-களில் ஜெர்மனியில் வுல்ஸ்டைன், சால்னர் இருவரும் நுண்ணோக்கியின் உதவியுடன் இச்சிகிச்சையை வளர்த்தனர்.

உள்ளேயா, மேலேயா?

உங்கள் நெற்றிப்பொட்டில் விரலை வைத்துப் பல்லைக் கடியுங்கள். ஒரு தசை புடைக்கிறதல்லவா? அதன் மேலுறையிலிருந்து எடுக்கும் மெல்லிய படலமே இன்று பெரிதும் பயன்படும் ஒட்டு. குறைந்த இரத்த ஓட்டத்திலும் அது பிழைத்திருக்கும்.

அடியொட்டு முறையில் அப்படலத்தைச் செவிப்பறைக்கு உள்பக்கம் வைத்து, கரையும் பஞ்சால் தாங்கவைக்கிறார்கள். இது எளிது, விரைவில் ஆறும். ஆனால் ஓட்டை முன்புற ஓரத்தில் இருந்தால், ஒட்டுக்குப் பிடிப்புக் குறைந்து அது நழுவக்கூடும்.

மேலொட்டு முறையில் வெளித்தோலை உரித்துவிட்டு, நார்ப் படலத்தின்மேல் ஒட்டை வைக்கிறார்கள். பெரிய ஓட்டைக்கும் முன்புற ஓட்டைக்கும் இது ஏற்றது. ஆனால் ஆற நாளாகும். தோலின் துணுக்கு அடியில் தங்கினால் முத்துப்போல் திரளும். ஒட்டு வெளிப்புறமாக விலகிச் சுத்தி எலும்பைவிட்டுப் பிரிந்தால் கேட்கும் திறன் குறையும்.

மெல்லியதா, கெட்டியா?

காதுத் துளையின் முன்னே உள்ள சிறு மேட்டைத் தொட்டுப் பாருங்கள். உள்ளே இருப்பது குருத்தெலும்பு. நடுச்செவிக்குக் காற்று சரியாகச் செல்லாதவர்களுக்கு மெல்லிய படலம் உள்வாங்கிவிடலாம். குருத்தெலும்பு அதைத் தாங்கி நிற்கும். 'இவ்வளவு கெட்டியானால் அதிருமா?' என்று கேட்பீர்கள். சுமார் அரை மில்லிமீட்டராகச் சீவி வைத்தால் போதிய அளவு அதிர்கிறது. ஆனால் அது ஒளி ஊடுருவாதது. பின்னால் நோய் வளர்ந்தால் எளிதில் கண்ணுக்குத் தெரியாது.

ஆகவே எல்லாக் காதுகளுக்கும் ஏற்ற ஒரே முறை என்று எதுவும் இல்லை. ஓட்டையின் அளவு, இடம், நடுச்செவியின் நிலை ஆகியவற்றைப் பார்த்தே மருத்துவர் முடிவு செய்கிறார். எந்த ஒட்டும் ஒரு சாரம்தான். அதன் வெளிப்புறம் தோலும், உட்புறம் சளிச்சவ்வும் படர்ந்து வளர்ந்தால்தான் ஓட்டை மூடும்.

காதைக் குடையக் குச்சியையோ ஊக்கையோ எடுக்காதீர்கள். சீழ் வடிந்தால் எண்ணெய் ஊற்றாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். விளையாட்டுக்குக்கூட யாரையும் காதோடு சேர்த்து அறையாதீர்கள். அறையும்போது அடைபடும் காற்றே செவிப்பறையைக் கிழித்துவிடும்!