எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் வெற்றிடத்தில் என்ன மிஞ்சும்?

புதுச்சத்திரம் தோட்டம் ஒன்றில் தண்ணீர்த் தொட்டி. மோட்டார் நின்றதும் நீர் மெல்ல ஓய்ந்துவிடும், இல்லையா?

வெற்றிடம் ஓயாது. காற்றையும் ஒளியையும் வெப்பத்தையும் அகற்றினாலும் மின்காந்தப் புலம் மிஞ்சும்; குவாண்டம் விதி அதை முழுதாக அடங்க விடாது.

எப்படித் தெரியும்? அலையடிக்கும் தொட்டிக்குள் இரண்டு பலகைகளை நெருக்கமாக நிறுத்துங்கள். இடுக்கில் பெரிய அலைக்கு இடமில்லை. வெளியே எல்லா அலைகளும் உண்டு. வெளிப்பக்கத் தள்ளல் பலகைகளை நெருக்கும்.

வெற்றிடத்தில் உலோகத் தகடுகளும் இப்படியே நெருங்கும் என்று 1948இல் நெதர்லாந்தின் இயற்பியலாளர் காசிமிர் கணித்தார். தள்ளப் பொருள் எதுவுமே இல்லாத இடத்தில் தள்ளல்! நினைக்க நினைக்க வியப்புதான்.

1998இல் கலிஃபோர்னியாவில் உமர் மொஹிதீனும் அனுஸ்ரீ ராயும், தகட்டருகே நுண்ணிய உருண்டையை வைத்து, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சிறிய இடைவெளியில் அந்த விசையைத் துல்லியமாக அளந்தார்கள். அனுஸ்ரீ ராய் பின்னர் காரக்பூர் ஐஐடியில் பேராசிரியரானார்.