கூரையைத் தாங்கும் விருந்தாளிகள்

பிளாக் ஃபாரஸ்ட் என்றால் நமக்கு பேக்கரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் செர்ரிப் பழம் வைத்த கேக்தான் நினைவுக்கு வரும். தென்மேற்கு ஜெர்மனியில், பாடன்-வுர்ட்டெம்பெர்க் மாநிலத்தில், அந்தப் பெயருள்ள மலைக்காட்டுக்கு, அதாவது கருங்காட்டுக்கு, போகிறவர் கண்ணில் முதலில் படுவது கூரை. அடைகாக்கும் கோழி சிறகை விரித்து உட்கார்ந்ததுபோல், மலைச்சரிவில் கிட்டத்தட்ட தரையைத் தொடும்வரை இறங்கி வரும் கூரை. அந்த ஒரே கூரையின் அடியில்தான் மனிதர் குடியிருப்பும் மாட்டுத் தொழுவமும் களஞ்சியமும். மேட்டுப் பக்கத்திலிருந்து ஒரு சிறு பாலம் நேரே பரணுக்குள் போகும். உலர்புல் ஏற்றிய வண்டி அப்படியே உள்ளே வந்துவிடும். பனிக்காலத்தில் கீழே மாடுகளின் உடற்சூடு, மேலே புல்லின் போர்வை, நடுவில் மனிதர்கள். பல நூற்றாண்டு வயதான இத்தகைய வீடுகளில் சில இப்போது விருந்தாளிகளுக்கு அறை வாடகைக்கு விடுகின்றன. இதைப் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது எளிது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால், இந்த வீடுகள் நின்றிருக்க இன்று உள்ள வழிகளில் உருப்படியானது இதுதான். ஒரே நிபந்தனை, தொழுவத்தில் மாடு இருக்க வேண்டும்.

முதலில் வீட்டைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். பழைய நாளில் இவற்றுக்குப் புகைபோக்கி கிடையாது. அடுப்புக்கு மேல் மிலாறு பின்னிக் களிமண் பூசிய ஒரு வளைவு இருக்கும். தீப்பொறியை அது பிடித்துக்கொள்ள, புகை மட்டும் மெல்ல மேலேறிக் கூரை முழுக்கப் பரவும். போகிற வழியில் உத்தரத்தில் தொங்கும் பன்றித் தொடையைப் பதப்படுத்தும். மரத்தைக் காயவைக்கும், பூச்சியை அண்டவிடாது. நம் கிராமங்களில் விதைக்கான சோளக்கதிரை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டவர்களுக்கு இந்த அறிவியலை யாரும் விளக்க வேண்டியதில்லை. நூற்றாண்டுகள் புகைந்த அடுப்படிகளின் விட்டங்களில் கரி தார்போல் பளபளவென்று படிந்திருக்கும். புதுப்பிக்க வருகிறவரின் தரம் அந்த இடத்தில் தெரிந்துவிடும். அவசரக்காரர் மணலை வீசித் தேய்த்து மரத்தைப் புதுசாக்கிவிடுவார். நிதானக்காரர் கரியைத் தொடமாட்டார்; அடுப்படியை அப்படியே விட்டு, படுக்கையறைகளையும் குளியலறைகளையும் களஞ்சியப் பகுதியில், பழைய சட்டகத்தில் ஆணி அடிக்காமல், பெட்டிக்குள் பெட்டி வைத்ததுபோல் தனியாக அமைப்பார். சிமெண்ட் விஷயத்திலும் இதே கதைதான். மரச்சட்டத்துக்கு இடையே களிமண் நிரப்பிய சுவர் ஈரத்தை வாங்கும், விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே சிக்கி, வெளியே சுவர் மினுக்கிக்கொண்டிருக்கும்போதே உள்ளே மரம் உளுத்துப்போகும். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசிய நம்மூர்ப் பழைய வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இதுவும் புதிதல்ல.

இத்தனை காலம் நின்ற வீடுகளுக்கு இப்போது என்ன ஆபத்து? அவற்றைத் தாங்கிய வேளாண்மை இளைத்துவிட்டது. ஜெர்மனியில் 2010-ல் சுமார் 3 லட்சம் பண்ணைகள் இருந்தன. 2020 கணக்கெடுப்பில் அது சுமார் 2 லட்சத்து 63 ஆயிரம். பால் உற்பத்திக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருந்த ஒதுக்கீட்டு முறை 2015 மார்ச்சோடு முடிந்தது. அடுத்த ஆண்டின் நடுவில் விவசாயிக்குக் கிடைத்த விலை கிலோவுக்கு 25 சென்ட்டுக்கும் கீழே இறங்கியது. செங்குத்தான சரிவில் சில பத்து மாடுகளை வைத்திருக்கும் குடும்பம், வடக்குச் சமவெளியின் பெரும் பால்பண்ணையோடு விலையில் போட்டிபோட முடியாது. அப்படிப்பட்ட குடும்பத்திடம் அந்த மாபெரும் கூரையை மாற்றச் சொன்னால், பால் காசில் அது நடக்கிற காரியமில்லை. கூரை ஒழுகத் தொடங்கிய மரவீட்டுக்கு ஆயுள் அதிகமில்லை.

அருங்காட்சியகம் ஆக்கிவிடலாமே என்று தோன்றும். அதற்கும் அங்கே நல்ல முன்மாதிரி உண்டு. குடாஹ் கிராமத்தில் 1612-ல் கட்டப்பட்ட ஃபோக்ட்ஸ்பவுவர்ன்ஹோஃப் என்ற பண்ணைவீட்டை இடிபடாமல் காத்து, 1964-ல் திறந்தவெளி அருங்காட்சியகமாகத் திறந்தவர் ஹெர்மன் ஷில்லி. பிறகு மற்றப் பள்ளத்தாக்குகளிலிருந்தும் வீடுகளைக் கழற்றிக் கொண்டுவந்து அங்கே மீண்டும் பூட்டினார்கள். 1599-ல் கட்டிய ஹிப்பென்செப்பென்ஹோஃப் அவற்றில் ஒன்று. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ரா செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான். இரண்டும் அருமையான பணிகள். ஆனால் அருங்காட்சியகம் மாதிரிக்குச் சில வீடுகளைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். மிச்சமுள்ளவை எங்கே போகும்?

அவற்றுக்குத்தான் விருந்தாளி. பண்ணையில் விடுமுறை கழிப்பது ஜெர்மானியர்களுக்குப் புதுப் பழக்கமல்ல. 1970-களிலேயே ஜெர்மன் வேளாண்மைச் சங்கம் இத்தகைய பண்ணைகளைச் சோதித்துத் தரமுத்திரை கொடுக்கத் தொடங்கிவிட்டது. கருங்காட்டில் இதற்கு ஒரு கூடுதல் வசதி. பண்ணையை மகனிடம் ஒப்படைத்த வயதான பெற்றோர் ஒதுங்கி வாழ, பெரிய வீட்டுக்குப் பக்கத்திலேயே ‘லைப்கெடிங்’ என்ற சிறு வீடு கட்டும் வழக்கம் அங்கே உண்டு. எத்தனை லிட்டர் பால், எவ்வளவு விறகு அவர்களுக்குத் தர வேண்டும் என்பதுவரை ஒப்பந்தம் எழுதிவிடுவார்கள். அன்பை நம்பி விடுவதில்லை! அந்தச் சிறு வீடுகள் பல இன்று விடுமுறை வீடுகள்.

பழைய வீட்டைப் பசுமை என்று எப்படிச் சொல்வது, சூடெல்லாம் வெளியே போகுமே என்பது முதல் ஆட்சேபம். நியாயமானதுதான். பாரம்பரியக் கட்டடங்களைப் புதுவீட்டின் அளவுக்கு இறுக்க முடியாது என்று அரசு வங்கியான கே.எஃப்.டபிள்யூவே ஒப்புக்கொண்டு, கடன் திட்டத்தில் அவற்றுக்குத் தனி அளவுகோல் வைத்திருக்கிறது. ஒப்பீட்டுக்கான மாதிரி வீடு செலவிடும் எரிசக்தியைப்போல் 160 சதவீதம்வரை போகலாம். ஆனால் கணக்கை வெப்பமானியில் மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். ஜெர்மனியின் மொத்தக் கழிவில் பாதிக்கு மேல் கட்டுமானத்திலிருந்தும் இடிப்பிலிருந்தும் வருவது. 400 ஆண்டுக்கு முன் பக்கத்துக் காட்டில் வெட்டி, அங்கேயே இழைத்து, மர முளை அடித்துக் கோத்த சட்டகம் ஏற்கெனவே நிற்கிறது. அதை இடித்துக் கான்கிரீட் ஊற்றிக் கட்டும் புதுவீடு, முதல் நாளே பெரிய கடனோடு பிறக்கிறது. சன்னலைப் பழுதுபார்த்து, சுவரின் உட்புறம் மரநார்ப் பலகை வைத்துக் களிமண் பூசி, சொந்தக் காட்டின் மரச்சில்லுகளை எரித்துச் சூடேற்றும் பழைய வீட்டுக்கு அந்தக் கடன் இல்லை.

விருந்தாளி காரில் வந்து புகை கக்குகிறாரே என்பார்கள். உண்மைதான், விமானமேறி வருகிறவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் இந்தப் பண்ணைகளின் வாடிக்கையாளர் பெரும்பாலும் உள்நாட்டுக் குடும்பங்கள். அவர்கள் இங்கே வராவிட்டால் வீட்டிலேயே இருந்துவிடப் போவதுமில்லை, மயோர்கா தீவுக்குப் பறப்பார்கள். கருங்காட்டின் பெரும்பாலான ஊர்களில் இரவு தங்குகிறவருக்கு ‘கோனுஸ்’ என்ற அட்டை கிடைக்கிறது. தங்கும் நாட்களில் வட்டாரப் பேருந்தும் ரயிலும் இலவசம்.

எனக்கு வலுவாகப் படும் ஆட்சேபம் வேறு: எல்லாம் வேஷமாகிவிடாதா? 2002-ல் ஜெர்மன் தொலைக்காட்சி, ஒரு பெர்லின் குடும்பத்தைக் கருங்காட்டுப் பண்ணைவீடு ஒன்றில் 1902-ஆம் ஆண்டு மனிதர்களைப்போல் வாழவைத்துத் தொடராகக் காட்டியது. நாடே உட்கார்ந்து பார்த்தது. பண்ணை விடுதியும் அப்படியொரு நாடகமாகலாம். பலவிடத்தில் ஆகியும் இருக்கிறது. மாடு போய், செம்மறி இரண்டு புகைப்படத்துக்காக நின்றால் அது மரத்தால் ஆன ஹோட்டல். இங்கேதான் ஜெர்மன் சட்டத்தின் கறார் உதவுகிறது. ஊர் எல்லைக்கு வெளியே புதிதாக எதையும் கட்ட அந்நாட்டுக் கட்டடச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு சுலபத்தில் விடாது. விவசாயிக்கு விலக்கு உண்டு. விருந்தாளி அறையும் வேளாண்மைக்குத் துணைத் தொழிலாக நிற்கும்வரைதான் அந்த விலக்கின் நிழலில் வரும். வாடகைக்கு விடப்படும் பாரம்பரியக் கட்டடத்தைச் செப்பனிட்ட செலவை 12 ஆண்டுகளில் வரிக்குரிய வருமானத்திலிருந்து முழுக்கக் கழித்துக்கொள்ளலாம். முதல் 8 ஆண்டு 9 சதவீதம், பிறகு 4 ஆண்டு 7 சதவீதம். தனியார் சொகுசுக்கு வரிப்பணமா என்று கேட்கலாம். வேலை தொடங்கும் முன்பே பாரம்பரியத் துறையோடு பேசி ஒத்துக்கொண்டு செய்தால்தான் சலுகை. முதலில் இடித்துவிட்டு அப்புறம் சான்றிதழ் கேட்டால் கிடைக்காது.

மாடு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை வீட்டுக்கு வெளியே பார்த்தால் தெரியும். தெற்குக் கருங்காட்டின் ஹின்டர்வெல்டர் இனம் மத்திய ஐரோப்பாவின் மிகச் சிறிய மாட்டினம் எனப்படுவது. உடல் கனம் குறைவு, கால் உறுதி. ஆகவே சரிவுப் புல்வெளியை மிதித்துச் சேறாக்காமல் மேயும். மேய்ச்சல் நின்றால் சில பத்தாண்டுகளில் காடு இறங்கி வந்து புல்வெளியை மூடிவிடும்; அந்த வெட்டவெளியை நம்பி வாழும் பூக்களும் பூச்சிகளும் போய்விடும். 2017-ல் யுனெஸ்கோ இங்கே ஓர் உயிர்க்கோளக் காப்பகத்தை அங்கீகரித்ததற்கு முக்கியக் காரணமே மனிதரும் மாடும் உண்டாக்கிய இந்த மேய்ச்சல் நிலம்தான். கூரையை விருந்தாளியின் காசு தாங்குகிறது. விருந்தாளி பார்க்க வரும் மலையைப் பராமரிப்பது மாடு.

நம் பக்கம் திரும்பினால் செட்டிநாடு நினைவுக்கு வரும். காரைக்குடியில் தி பங்களா, கானாடுகாத்தானில் விசாலம் என்று பழைய வீடுகள் விடுதிகளாகி நன்றாகவே நிற்கின்றன. அவை கொண்டுவிற்றவர்களின் வீடுகள், தொழுவம் நடுவிலில்லை. ஆகவே மாட்டுக் கணக்கு இங்கே பொருந்தாது. பொருந்தாத இன்னொன்றும் உண்டு. கருங்காட்டில் பண்ணையைப் பிரிக்கும் வழக்கமில்லை. வீடும் நிலமும் காடும் மொத்தமாக ஒரே வாரிசுக்கு, பெரும்பாலும் கடைசி மகனுக்குப் போகும். மற்றப் பிள்ளைகளுக்கு அது கொடுமைதான்; ஆனால் கூரையை மாற்றவோ விருந்தாளியை வைக்கவோ ஒருவர் தலையசைத்தால் போதும். செட்டிநாட்டு வீட்டில் பங்காளிகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் மலேசியாவில், ஒருவர் சென்னையில், இன்னொருவர் பேச்சுவார்த்தையில் இல்லை. அதற்குள் பர்மாத் தேக்குக் கதவு காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடையில் விலைச்சீட்டோடு சாய்ந்திருக்கிறது.