குழி தோண்டாதீங்க பாஸ்!

அரியலூர், பெரம்பலூர் மக்களே... உங்க ஊர் ஒரு காலத்துல கடல் தெரியுமா? சுமார் 10 கோடி வருஷத்துக்கு முன்னாடி இங்கே அலையடிச்சுது. சுண்ணாம்புக்கல் சுரங்கத்துல கிளிஞ்சல் படிமம் கிடைக்கிறதும், சாத்தனூர்ல மரம் கல்லாகிக் கிடக்கிறதும் அதனாலதான். கடல் எப்பவோ போயிடுச்சு. ஆனா, கடற்கரைக்காக யோசிச்ச ஒரு சமாச்சாரம் நம்ம பக்கத்து ஊர் வரைக்கும் வந்திருக்கு. துறையூர் வழியா போனா முசிறி... அங்கேதான்!

ஒரு மீனவ கிராமத்துல நீங்க கழிவறை கட்டப் போறீங்கன்னு வெச்சுக்குவோம். மணலைக் கொஞ்சம் தோண்டினாலே தண்ணி. குழிக்குள்ள போறது நேரா நிலத்தடி நீர்ல கலக்கும். பக்கத்துலயே அடிபம்பு! மழைக்காலத்துல குழியே பொங்கி மேல வந்துடும். சரி, பாதாள சாக்கடை போடலாமா? சரிவே இல்லாத தரை. நூறு வீட்டுக்காக பம்பிங் ஸ்டேஷன், கரன்ட் பில், ஆபரேட்டர்... சின்ன ஊராட்சி எங்கே போகும்?

1990-களில் திருவனந்தபுரம் பக்கத்து மீனவ கிராமங்கள்ல வேலை பார்த்த பிரிட்டிஷ் பொறியாளர் பால் கால்வர்ட், வேற மாதிரி யோசிச்சார். கலந்த பிறகு சுத்தம் பண்றதுதானே செலவு? கலக்கவே விடாட்டி? வியட்நாம் விவசாயிகள் ஏற்கெனவே பயன்படுத்தின இரட்டைத் தொட்டி முறையை, தண்ணி ஊத்திக் கழுவுற நம்ம பழக்கத்துக்கு ஏத்தபடி மாத்தினார். குழியே கிடையாது. தரைக்கு மேல ரெண்டு தொட்டி. மலம் தொட்டிக்குள்ள, சிறுநீர் தனிக் குழாய்ல, கழுவுற தண்ணி தனியா செடிப் பாத்திக்கு. கல்வாழை நட்டா அதுவே தண்ணியைக் குடிச்சுக்கும். ஒவ்வொரு முறையும் ஒரு கை சாம்பல் போடணும், அவ்வளவுதான். ஒரு தொட்டி நிறைஞ்சா மூடிட்டு அடுத்தது. மாசக்கணக்குல மூடிக் கிடந்தது எருவா வெளியே வரும். மனுஷன் இறங்கி அள்ளுற கொடுமைக்கும், ஏரிக்கரையில ராத்திரி லாரி கழிவைக் கொட்டுற அசிங்கத்துக்கும் இங்கே வேலையே இல்லை.

முசிறியில ஏது கடல்னு கேட்கறீங்களா? காவிரி இருக்கே! ஆத்தங்கரை ஊர்கள்லயும் நிலத்தடி நீர் மேலேயே நிக்கும், குழி வெட்டினா அதே கதைதான். ‘ஸ்கோப்’ தொண்டு நிறுவனத்தை நடத்தின மராச்சி சுப்புராமன், கால்வர்ட்டோட சேர்ந்து இந்தக் கழிவறையை 2000-களில் சுத்துப்பட்டு கிராமங்களுக்குக் கொண்டு வந்தார். 2021-ல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைச்சுது. சுனாமிக்கு அப்புறம் நாகை கடலோரத்துலயும், காமேஸ்வரம் மாதிரி ஊர்கள்ல, இதே வகைக் கழிவறைகள் வந்துச்சு.

முசிறியை உலகமே திரும்பிப் பார்த்தது 2008 வாக்கில். காரணம், பத்து பைசா! பொதுக் கழிவறைக்குப் போக நாம காசு கொடுப்போம். அங்கே போறவங்களுக்குக் காசு கொடுத்தாங்க! சேகரிச்ச சிறுநீர், வாழைக்கு உரமாகுமான்னு பார்க்கிற ஆராய்ச்சிக்குப் போச்சு.

அப்புறம் ஏன் ஊரெல்லாம் வரலை? நியாயமான கேள்வி. ஒரு இடத்துல இருந்து நகர்ந்து இன்னொரு இடத்துல கழுவணும். வீட்டு ஆளுங்க பழகிடுவாங்க. பொண்ணு பார்க்க வந்த சம்பந்தி வீட்டுக்கு எந்த ஓட்டைன்னு யார் விளக்குறது? தொட்டிக்குள்ள தண்ணி புகுந்தா நாத்தம் வேற. கேஸ் அடுப்பு வந்தப்புறம் சாம்பலுக்கும் பஞ்சம். கட்டிக் கொடுத்தவங்க தொடர்ந்து வந்து சொல்லிக் கொடுத்தாதான் இது நிக்கும், என் கணிப்பு அதுதான். கான்கிரீட்டைவிட அந்த வேலைதான் கஷ்டம். எங்க சிவில் பாடத்துல அதுக்கு ஒரு மார்க்கும் கிடையாது!

அடுத்த லீவுக்கு வீட்டுக்குப் போறப்ப ஒரு டேப் எடுத்துட்டுப் போங்க. குடிநீர்க் கிணத்துக்கும் செப்டிக் டேங்க் உறிஞ்சுகுழிக்கும் நடுவுல 18 மீட்டராவது, அதாவது சுமார் 60 அடி இருக்கணும்னு இந்திய தர நிர்ணயம் சொல்லுது. உங்க வீட்ல எத்தனை அடி?