அமாவாசையை எதிர்பார்த்த வருஷங்கள்

கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டுக் கூடத்து ஆணியில் சரடு கோத்துத் தொங்கவிட்டிருந்த பஞ்சாங்கத்தை மாதந்தவறாமல் இருவர் புரட்டுவோம்: அமாவாசை என்றைக்கு என்று பார்த்துத் தாமிரபரணிப் படித்துறையில் பித்ருக்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கவேண்டிய என் தகப்பனார் ஒருவர்; அதே அமாவாசைக்கு முன்னும் பின்னுமாகச் சில இரவுகளைக் குறித்துக்கொண்டு, திருச்செந்தூர்ச் சாலையில் உள்ள கிருஷ்ணாபுரத்துக்கு வானத்தைப் படம்பிடிக்கப் புறப்படவேண்டிய நான் ஒருவன். பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. தேறி ஆராய்ச்சி மாணவனாகப் பதிவுசெய்துகொண்ட பிறகு ஐந்தரை வருஷ காலம், ஜனவரி பிறந்து வானம் தெளியத் தொடங்கினால் சித்திரை வரையில், வீட்டில் பிள்ளை வேண்டியிருந்த நாட்களும் பிள்ளை வீட்டில் இருக்க முடியாத நாட்களும் ஒன்றாகவே வந்துகொண்டிருந்தன.

"ஏலே, இன்னமும் படிச்சிட்டுத்தான் இருக்கியா? எப்பம்லே முடியும்?" என்று என் பெரியப்பா காணும்போதெல்லாம் கேட்பார். கேள்வியில் தவறு இல்லை. பரீட்சைகள் முடிந்துவிட்ட ஒருவனை மாணவன் என்று எப்படிச் சொல்வது, மாதாமாதம் உதவித்தொகை வாங்குகிறவனை உத்தியோகஸ்தன் அல்லன் என்று எப்படி மறுப்பது என்பது அவருக்கு மட்டுமல்ல, ஊரில் யாருக்குமே விளங்காத விஷயமாக இருந்தது. அந்த உதவித்தொகையும் ஒரு சமயம் ஏழு மாதம் வராமல் நின்றுபோயிற்று. பணம் அனுப்பவேண்டிய அலுவலகத்தில் என் காகிதம் எந்த மேஜையில் உறங்கிற்றோ, அறியேன். அந்த ஏழு மாதமும் என் பஸ் கட்டணத்தையும் சாப்பாட்டையும் சுமந்தது அம்மா இட்ட பிரண்டை அப்பளம். நெட் பரீட்சையில் தேறி ஆராய்ச்சிக்குச் சேருகிறவர்களுக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் என்று உயர்த்தியிருக்கிறார்கள். மனப்பூர்வமாகச் சந்தோஷப்படுகிறேன், அது தவணை தவறாமல் கைக்கு வந்தால் இன்னும் சந்தோஷப்படுவேன்.

திருநெல்வேலிச் சீமையில் உட்கார்ந்துகொண்டு வானத்தை ஆராய என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு காந்த ஊசியைக் காட்டத் தோன்றும். கனமையத்தில் சமனாகத் தாங்கிவிட்ட அந்த ஊசி, வடக்கே போகப்போகத் தன் முனையைத் தரையை நோக்கித் தாழ்த்திக்கொண்டே போகும். தெற்கே வரவரத் தலை நிமிர்ந்து, நம் பிரதேசத்துக்கு வரும்போது ஏறக்குறைய மட்டமாக நிற்கும். உலகைச் சுற்றி அவ்வாறு ஊசி மட்டமாக நிற்கும் இடங்களை இணைத்தால் வருவதே காந்த மத்தியரேகை. அது நிலையான கோடு அன்று, வருஷத்துக்கு வருஷம் மெல்ல நகர்வது. ஆயினும் நெடுங்காலமாக நம் தென்கோடியை விட்டு அகலாமல் இருக்கிறது. 1963 நவம்பர் 21ஆம் தேதி இந்தியாவின் முதல் ஆராய்ச்சி ராக்கெட் கிளம்புவதற்குத் தும்பா என்னும் மீனவர் கிராமத்தைத் தேர்ந்தெடுத்த காரணமும் இதுவே. பகற்பொழுதில் சூரிய கிரணங்களால் மின்னூட்டம் பெற்ற வாயுமண்டலத்தில், சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில், இந்த ரேகையின் இருபுறமும் மூன்று டிகிரிக்குள் அடங்கிய ஒரு குறுகிய பட்டையில், மேற்கிலிருந்து கிழக்கே மின்சாரம் ஓர் ஆறுபோல ஓடுகிறது. 1951இல் சிட்னி சாப்மன் என்ற பேரறிஞர் அதற்கு மத்தியரேகை மின்தாரை என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். அந்த ஆற்றை யாரும் கண்ணால் கண்டதில்லை. நடுப்பகலை நெருங்குகையில் நம் ஊர்ப் புவிகாந்த பலத்தின் கிடைக்கூறு சுமார் 40,000 நானோடெஸ்லாவிலிருந்து ஒரு நூறு நானோடெஸ்லா அளவு உயர்ந்து, மாலையில் தணிகிறது. மும்பைக்குத் தெற்கே, அந்தப் பட்டைக்கு வெளியே உள்ள அலிபாக்கில் அதே நேரத்தில் எடுத்த அளவை இதிலிருந்து கழித்தால், மிஞ்சுவதில் அந்த ஆற்றின் வேகம் தெரிகிறது.

நானூறில் ஒரு பங்கு மாறுதலை அளக்கவேண்டியவர்கள் இரும்பை எப்படிப் பாவித்தார்கள் என்பதைச் சரித்திரமே சொல்லும். 1841 முதல் பம்பாய்க் கொலாபாவில் நடந்துவந்த காந்த ஆய்வகம், நகரத்தில் மின்சார டிராம் வரப்போகிறது என்ற காரணத்தினாலேயே 1904இல் அலிபாக்குக்கு இடம் பெயர்ந்தது. இன்றும் காந்த அளவு எடுக்கும் அறைக்கு இரும்பாணி ஆகாது. அந்த அறைக்குள் நுழையுமுன் சாவிக்கொத்து, பெல்ட், கைக்கடிகாரம், கைப்பேசி யாவும் வெளியே தங்கிவிடவேண்டும். முதல் நாள் என் இடுப்புக் கயிற்றில் அம்மா கட்டிவிட்டிருந்த தாயத்து நினைவுக்கு வந்து, அதையும் அவிழ்த்து ஊசிக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தேன், ஊசி அசையவில்லை. செப்புத் தகடு. மறுபடி கட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

இந்தச் சிரத்தை நமக்குப் புதிதும் அன்று. எங்கள் படித்துறையில் நின்று மேற்கே பார்த்தால் தெரியும் பொதிகைத் தொடரில், தாமிரபரணியின் தாய்வீடாகிய அகஸ்தியர் சிகரத்தில், திருவிதாங்கூர் மகாராஜாவின் ஆதரவுடன் 1855இல் ஒரு காந்த ஆய்வகம் எழும்பியது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? திருவனந்தபுரம் ஆய்வகத்துக்கு 1852இல் தலைவராக வந்த ஜான் ஆலன் பிரௌன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், கடல்மட்டத்தை ஒட்டிய இடத்தில் ஊசி அசைவதைப் போலவே 1,868 மீட்டர் உயரமுள்ள சிகரத்தின் மேலும் அசைகிறதா என்று அறிய விரும்பி, யானைகள் நடமாடும் அந்த வனத்தின் உச்சிக்குக் கருவிகளைக் கொண்டுபோனார். பெரிய காந்தக் கலக்கங்களின்போது புவிகாந்த பலத்தில் உண்டாகும் தளர்ச்சி உலகமெங்கும் ஏககாலத்தில் நிகழ்கிறது என்பதைக் கண்டு சொன்னவர்களில் அவர் முக்கியமானவர். ஆனால் என் மனம் அவரிடம் மட்டும் நிற்பதில்லை. கடுங்காற்றிலும் மழையிலும் அந்தக் குளிர்ந்த சிகரத்தில் விளக்கைத் தூண்டி, மணிக்கு மணி ஊசியைப் பார்த்து எண்களைக் குறித்த நம் நாட்டு உதவியாளர்களிடம் போய் நிற்கிறது. ஆராய்ச்சி மாணவன் என்ற சொல் வழங்காத காலத்தில் அந்த வேலையைச் செய்தவர்கள் அவர்கள்.

கிருஷ்ணாபுரம் என்றால் உலகத்துக்கு வேங்கடாசலபதி கோயிலின் கற்சிற்பங்கள். எனக்கோ, அந்த ஊரில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் நடத்திவரும் மத்தியரேகை ஆராய்ச்சிக் கூடமும், அதன் இருண்ட வெளியும். மேல்வாயுவின் காற்றோட்டத்தை அளக்கும் ராடார் ஒன்று அங்கே 1992 முதல் இயங்கிவருகிறது. அது மேகம், மழை, நிலவு எதையும் பொருட்படுத்தாது. என் பங்குக்கு வாய்த்த முழுவானக் கேமராவோ நிலவையும் மேகத்தையும் சகியாதது. நட்சத்திரங்களுக்கு இடையே வெறும் இருட்டு என்று நாம் நினைக்கும் வானம் உண்மையில் இருட்டன்று. பகலில் சூரியனிடம் வாங்கிய சக்தியை இரவெல்லாம் அது மங்கிய ஒளியாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. சுமார் 97 கிலோமீட்டர் உயரத்தில் பிராணவாயு அணுக்கள் பச்சையாகவும், 250 கிலோமீட்டர் அளவில் அதே அணுக்கள் சிவப்பாகவும் ஒளிர்கின்றன. கிளர்ச்சியுற்ற அணு அந்தச் சிவப்பை வெளியிடச் சராசரியாக ஒன்றேமுக்கால் நிமிஷத்துக்கு மேல் காத்திருக்கவேண்டும். கீழே நெருக்கமான காற்றில் அதற்குள் வேறொரு மூலக்கூறு வந்து மோதிச் சக்தியைப் பறித்துவிடும் என்பதனால், யாரும் வந்து இடிக்காத அந்த உயரத்திலேதான் சிவப்புப் பிறக்கிறது. இதைப் புத்தகத்தில் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மற்ற இரவுகளில் உறங்க அவகாசம் இல்லை. அந்தி மயங்கியதும் கண்ணாடிக் கூண்டைத் துடைத்து, உறைநிலைக்கு வெகு கீழே குளிர்வித்த உணர்கருவியைச் சரிபார்த்து, சிவப்புக்கு ஒரு வடிகட்டி, பச்சைக்கு ஒரு வடிகட்டி என்று மாற்றி மாற்றி ஒன்றரை நிமிஷத்துக்கு ஒரு படமாக எடுத்துக்கொண்டே போகவேண்டும். நேரம், வடிகட்டி, வானநிலை மூன்றையும் பதிவேட்டில் எழுதவேண்டும். மேகம் வந்தால் மேகம் என்று எழுதவேண்டும். என் பதிவேடுகளைக் கூட்டிப் பார்த்தால் அந்த ஒரு சொல்லே அதிகம்.

நான் தேடியது கரும்பட்டைகளை. சூரியன் அஸ்தமித்த சிறிது நேரத்தில், மின்னூட்டம் பெற்ற மேல்வாயுவாகிய அயனமண்டலத்தின் அடிப்பாகத்தில் அடர்த்தி குறைந்த பகுதிகள், கனத்த திரவத்தின் கீழ் அகப்பட்ட லேசான திரவம் பொத்துக்கொண்டு கிளம்புவதைப் போல, குமிழிகளாக மேலெழும்பும். அவை வடக்குத் தெற்காக நீண்டு, படத்தில் கரும்பட்டைகளாக விழுந்து, கிழக்கு நோக்கி நகரும். செயற்கைக்கோளிலிருந்து வரும் ரேடியோ சமிக்ஞை அவற்றினூடே வருகையில் தடுமாறுவதால், கப்பலுக்கும் விமானத்துக்கும் வழிகாட்டும் கருவிகள் வரை அவற்றின் பாதிப்பு உண்டு. முதல் வருஷம் மார்ச் மாதத்து ஓர் இரவில் அப்படியொரு கருநிறத் திட்டு என் படங்களில் வந்தது. மூன்று வாரம் அதை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். பட்டை நகரவேயில்லை என்பதை மூன்றாவது வாரத்தில்தான் கவனித்தேன். கண்ணாடியில் படிந்த பனி. மேகத்தையும் குமிழியையும் பிரித்தறிய அதன்பின் எனக்குக் கற்றுத் தந்தவர் ஒரு மூத்த மாணவர். "நட்சத்திரத்தைப் பாருங்க தம்பி. மேகம்னா நட்சத்திரம் மறையும். குமிழின்னா அதுக்குள்ளேயும் நட்சத்திரம் தெரியும்" என்றார். வானத்து ஒளி மட்டும் குன்றி, அதற்கப்பால் உள்ள ஒளி குன்றாமல் இருந்தால் அது குமிழி. வேறு எந்த வகுப்பிலும் இவ்வளவு தெளிவாக ஒரு பாடத்தை நான் கேட்டதில்லை.

என் தகப்பனார் பொதுப்பணித்துறையில் லஸ்கர். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் ஒன்றான கன்னடியன் அணைக்கட்டிலிருந்து எங்கள் ஊர் வழியாக ஓடும் கால்வாயில், காலையும் மாலையும் அளவுகோலைப் பார்த்து நீர்மட்டத்தை ரிஜிஸ்தரில் எழுதுவது அவர் வேலைகளில் ஒன்று. மட்டம் மாறாத நாட்களிலும் போய்ப் பார்த்து, நேற்றைய எண்ணையே மறுபடி எழுதுவார். என் படிப்பைப் பற்றி அவர் ஒருநாளும் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. கேட்கத் தெரியாமலா, கேட்டு வருத்தவேண்டாம் என்றா என்று எனக்கு வெகுகாலம் தெரியாது.

நான்காம் வருஷம் மாசி அமாவாசையன்று, இரவு முழுவதும் விழித்துவிட்டு, முதல் பஸ்ஸில் பேட்டை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர் என்று தூங்கித் தூங்கி விழுந்து ஊர் வந்து சேர்ந்து, வீட்டுக்குப் போகாமல் நேரே படித்துறைக்கு நடந்தேன். தர்ப்பணம் முடித்துப் படியேறிக்கொண்டிருந்தார்.

"ஒரு மணிக்கு எந்திரிச்சு முத்தத்திலே நின்னு பார்த்தேன். மேற்கே மேகம் கட்டியிருந்துது. ஒனக்கு அங்கே எப்படிலே?"

"ரெண்டே கால் வரைக்கும் நல்லா இருந்துதுப்பா. அதுக்கப்புறம் மேகம்."

ஈரவேஷ்டியின் நுனியைப் பிழிந்துகொண்டே, "மேகம் வந்ததையும் எழுதி வச்சியா?" என்றார்.

"எழுதியிருக்கேன்பா" என்றேன்.