மாத்திரைக்கு முன்னால் பாட்டில்

“சூடு பிடிச்சுக்கிச்சு” என்றால் சென்னையில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. இளநீர், ஊறவைத்த வெந்தயம், நீர்மோர் என்று நீர்க்கடுப்புக்கு வரிசையாக வைத்தியம் நடக்கும். கால் பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பு தடவும் பழக்கம்கூட மயிலாப்பூர் பக்கத்துப் பழைய வீடுகளில் இன்னும் விட்டுப்போகவில்லை. 72 வயதான என் பெரியம்மா இத்தனையும் செய்து பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் தெருமுனை மருந்துக்கடைக்குப் போய், “தம்பி, போன தடவை குடுத்தியே, அதையே குடுப்பா” என்று கேட்டார். கடைக்காரர் அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி ஆறு மாத்திரை கொடுத்தார். மூன்று மாத்திரை உள்ளே போயும் கடுப்பு குறையவில்லை. குளிர் காய்ச்சல் வேறு சேர்ந்துகொண்டது. அதற்கப்புறம்தான் டாக்டர்.

டாக்டர் யூரின் கல்ச்சர் எழுதிக் கொடுத்தார். இரண்டு நாள் கழித்து வந்த தாளில் ‘வளர்ச்சி இல்லை’ என்று இருந்தது. பெரியம்மாவுக்கு ஒரே சந்தோஷம். “பாத்தியா, ஒண்ணுமே இல்லையாம்!” டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். கிருமி எங்கும் போய்விடவில்லை. மருந்து கலந்த சிறுநீரில் அது லேப் தட்டில் தலைகாட்டவில்லை, அவ்வளவுதான். எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சியின் வாயை அந்த மூன்று மாத்திரை அடைத்துவிட்டது.

லஸ்ஸிலும் அடையாறிலும் தெருவுக்குத் தெரு இருக்கும் கலெக்‌ஷன் சென்டர்களில் மூடி திருகிய ஸ்டெரைல் பாட்டில் ஒன்றைக் கையில் கொடுத்து, “முதல்ல வர்றதை விட்டுட்டு நடுவுல பிடிங்க” என்பார்கள். தோலில் ஒட்டியிருக்கும் கிருமிகளை முதல் நீர் கழுவிக்கொண்டு போகட்டும் என்பதற்காக. இதைப் பெரும்பாலானவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். யாரும் கேட்காமல் விடுவது நேரத்தைப் பற்றி. பிடித்த 2 மணி நேரத்துக்குள் பாட்டில் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும். முடியாதென்றால் 4 டிகிரி குளிரில் வைத்து 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

ஏன் இந்த அவசரம்? சிறுநீர்த் தொற்றில் அடிக்கடி அகப்படும் ஈ. கோலை என்ற குடல்வாசி, வசதியான சூட்டில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பெருகும். 200 நிமிடத்தில் பத்து முறை. கணக்குப் போட்டால் ஆயிரம் மடங்கு. மில்லிலிட்டருக்கு நூறாக இருந்தது ஒரு லட்சமாகிவிடும். அந்த ஒரு லட்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. உண்மையான தொற்றையும், தோலிலிருந்து தவறி விழுந்த கிருமியையும் பிரித்துக் காட்ட 1956-ல் பாஸ்டன் மருத்துவர் எட்வர்ட் காஸ் முன்வைத்த எல்லைக்கோடு அது. சிறுநீரில் கிருமி கொஞ்சம் நிதானமாகப் பெருகினாலும், மே மாத மதியத்தில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் தி.நகர் நெரிசலைத் தாண்டி வருகிற பாட்டில் இல்லாத நோயை இருப்பதாகக் காட்டிவிடும்.

லேபில் நடப்பது கிட்டத்தட்ட சமையல் வேலை. மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை மட்டும் அள்ளும் வளையக் கம்பியால் சிறுநீரைத் தொட்டு, ஊட்டச்சத்து கலந்த அகார் தட்டில் கீறுகிறார்கள். நோன்பு மாதத்தில் கடல்பாசி என்று காய்ச்சி, பால் சேர்த்து, துண்டு போடுகிறார்களே, அதேதான் அகார். மன்னார் வளைகுடாவில் ராமநாதபுரத்துப் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் இது கிடைக்கிறது. ஓர் இரவு சூட்டுப்பெட்டியில் இருந்த தட்டில் மறுநாள் நூறு புள்ளி முளைத்திருந்தால் மில்லிக்கு ஒரு லட்சம். ஒரே மாதிரிப் புள்ளிகள் என்றால் குற்றவாளி ஒருவர்தான். மூன்று நான்கு வகை கலந்து முளைத்திருந்தால் பிடித்ததில் கோளாறு, மறுபடி பாட்டில் கொடுங்கள் என்று சொல்லிவிடுவதுதான் நல்ல லேபுக்கு அழகு.

இரண்டாம் நாள்தான் கதையின் மையம். முளைத்த புள்ளியை எடுத்து உப்பு நீரில் குறிப்பிட்ட அளவு கலங்கலாகக் கரைத்து, முல்லர்-ஹின்டன் என்ற அகார் தட்டில் பஞ்சுக் குச்சியால் மெழுகுவது போலத் தடவுவார்கள். அதன்மேல் 6 மில்லிமீட்டர் அகலக் காகித வில்லைகள். ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து: சிப்ரோவில் 5 மைக்ரோகிராம், நைட்ரோஃபுரான்டாயினில் 300. மருந்து வில்லையிலிருந்து சுற்றிலும் கசியும். பதினாறு பதினெட்டு மணி நேரத்தில் தட்டு முழுக்கக் கிருமி புல்வெளி போலப் படர்ந்திருக்கும். மருந்து கேட்கிற இடத்தில் மட்டும் வில்லையைச் சுற்றித் தெளிவான வட்டம். அந்த வட்டத்தின் குறுக்களவை ஸ்கேல் வைத்து அளக்கிறார்கள். சியாட்டிலில் பாவரும் கிர்பியும் கூட்டாளிகளும் 1966-ல் ஒழுங்குபடுத்திக் கொடுத்த முறை. இன்றும் எத்தனையோ லேப்களில் இதுதான் நடக்கிறது.

இங்கே பலர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. 28 மில்லிமீட்டர் வட்டம் போட்ட மருந்து, 18 போட்ட மருந்தைவிட வலுவானது என்று நினைப்பது. அகாரில் ஒவ்வொரு மருந்தும் ஒவ்வொரு வேகத்தில் கசியும், அதனால் ஒவ்வொன்றுக்கும் தனிக்கோடு. ஈ. கோலைக்கு எதிராக நைட்ரோஃபுரான்டாயின் 17 எட்டினாலே ‘எஸ்’, அதாவது கேட்கும். சிப்ரோவுக்கு அதே 17 ‘ஆர்’, கேட்காது. அந்தக் கோடும் கல்வெட்டு இல்லை. அமெரிக்காவின் சிஎல்எஸ்ஐ அமைப்பு ஆண்டுதோறும் வெளியிடும் அட்டவணையை நம் ஊர் லேப்களும் பின்பற்றுகின்றன. 2018 வரை சிப்ரோவுக்கு 21 மில்லிமீட்டரே ‘எஸ்’. 2019-ல் அதை 26 ஆக்கினார்கள். 23 மில்லிமீட்டர் வட்டம் போட்ட ஒரு கிருமி, தன்பாட்டுக்கு ஒரு மாற்றமும் இல்லாமல், புத்தாண்டில் ‘எஸ்’ஸிலிருந்து ‘ஐ’க்கு, அதாவது இரண்டுக்கும் நடுவே, இறங்கியது. உங்கள் லேப் எந்த வருஷத்து அட்டவணையை வைத்திருக்கிறது என்று கேட்டால் தப்பில்லை. நான் ஒருமுறை கேட்டேன். முறைத்தார்கள், ஆனால் பதில் சொன்னார்கள்.

பெரிய லேப்களில் இயந்திரம் வந்துவிட்டது. அங்கே வட்டத்துக்குப் பதில், கிருமியை அடக்கத் தேவையான மருந்தின் குறைந்தபட்ச அளவு எண்ணாக வரும். அதில் எண் சிறியதாக இருந்தால் நல்லது. ஆனால் ஒரு மருந்தின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிடக்கூடாது என்பது இங்கேயும் பொருந்தும்.

தொற்று ஏன் வருகிறது என்பதற்கு உடற்கூறு, சர்க்கரை, வயது என்று காரணங்கள் அடுக்கலாம். தி.நகரில் கூடுதலாக ஒன்று: ரங்கநாதன் தெருக் கடைகளில் காலை முதல் இரவு வரை நின்றே வேலை பார்க்கும் பெண்கள், கழிப்பறைக்குப் போக வேண்டி வருமே என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தியது. கேரளம் 2018-லேயே செய்துவிட்டது. நாற்காலி வந்தது நல்லதுதான். கழிப்பறைக்குப் போய்வரும் அந்தப் பத்து நிமிடத்தை மேற்பார்வையாளர் கணக்கு வைப்பதை எந்தத் திருத்தம் தடுக்கும் என்று தெரியவில்லை.

லேப் தட்டின் அந்தச் சின்ன வட்டங்கள் உலகச் செய்தியானபோது, செய்தியின் ஒரு முனை அடையாறை அடுத்த தரமணியில் இருந்தது. 2008-ல் டெல்லியில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய இந்திய வம்சாவளி நோயாளி ஒருவரின் சிறுநீரில் கிளெப்சியெல்லா கிருமி வளர்ந்தது. கடைசி ஆயுதமாக வைத்திருந்த கார்பபெனெம் ஊசிகளையும் உடைத்துப்போடும் நொதி அதில் இருந்தது. நியூடெல்லியின் பெயரைச் சேர்த்து என்டிஎம்-1 என்று அழைத்தார்கள். தொடக்கம் ஒரு யூரின் கல்ச்சர் என்பதைப் பலரும் மறந்துவிட்டார்கள். 2010 ஆகஸ்டில் லான்செட் தொற்றுநோய் இதழில் வந்த ஆய்வு, அந்த நொதி கொண்ட கிருமிகளைச் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 என்று பட்டியலிட்டது. முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி, தரமணியில் உள்ள சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஏ.எல்.எம். அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவன ஆய்வாளர். மருத்துவமனைக்குள் தொற்றியவை மட்டுமில்லை, வீட்டில் இருந்தவர்களுக்கு வந்த சிறுநீர்த் தொற்றும் அந்தக் கணக்கில் சேர்ந்திருந்தது. டெல்லியில் கோபம் கொப்பளித்தது, கிருமி மேல் இல்லை, பெயர் மேல். மருத்துவச் சுற்றுலா கெட்டுவிடும் என்ற கவலை.

சென்னை வேறு மாதிரி பதில் சொன்னது. தேனாம்பேட்டை அப்போலோ புற்றுநோய் மருத்துவமனையின் தொற்றுநோய் மருத்துவர் அப்துல் கஃபூர், 2010 மார்ச்சிலேயே ஒரு மருத்துவ இதழில் ஆன்டிபயாடிக்குகளுக்கு இரங்கல் குறிப்பு எழுதியவர். அவர் ஒருங்கிணைத்து, 2012 ஆகஸ்ட் 24 அன்று நாட்டின் மருத்துவச் சங்கங்கள் கூடி வகுத்த திட்டத்துக்குச் ‘சென்னைப் பிரகடனம்’ என்று பெயர். எல்லா ஆன்டிபயாடிக்கையும் சீட்டில்லாமல் விற்கத் தடை என்றால் டாக்டரே இல்லாத ஊர்கள் தவிக்கும், உயர்ரக மருந்துகளிலிருந்து தொடங்குவோம் என்ற நடைமுறை நிதானம் அதில் இருந்தது.

2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த, மருந்து விற்பனைக்கான எச்1 அட்டவணையும் அந்த வழியில்தான் போனது. 46 மருந்துகள். வாங்கியவர் பெயர், எழுதிய டாக்டர், அளவு எல்லாவற்றையும் கடைக்காரர் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். நீர்க்கடுப்புக்கு அடிக்கடி போகும் செஃபிக்சிம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. நார்ஃப்ளாக்சாசினும் சிப்ரோவும் இல்லை. அவை பழைய எச் அட்டவணையில். அதற்கும் சீட்டு வேண்டும் என்பதுதான் சட்டம். பதிவேடு இல்லாத சட்டம் என்ன ஆகும் என்பதற்குப் பெரியம்மா கையில் இருந்த ஆறு மாத்திரை உதாரணம். சிப்ரோவின் நிலைமையோ, ஐசிஎம்ஆர் கண்காணிப்பு அறிக்கைகளில் ஈ. கோலைக்கு எதிராகப் பாதிக்கும் மேல் தோற்றுப்போன மருந்தாக இருக்கிறது.

எட்டு மாதம் கழித்துப் பெரியம்மாவுக்கு மறுபடி சூடு பிடித்தது. இந்த முறை முதலில் பாட்டில், பிறகு அன்றைக்கே டாக்டர் எழுதிய மாத்திரை. ரிப்போர்ட் வரும்வரை இரண்டு நாள் வலியில் கிடக்க வேண்டியதில்லை, சாம்பிள் கொடுத்த கையோடு மருந்து தொடங்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மூன்றாம் நாள் தாள் வந்தது. ஈ. கோலை, சிப்ரோ ‘ஆர்’, செஃபிக்சிம் ‘ஆர்’, நைட்ரோஃபுரான்டாயின் ‘எஸ்’. சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று கிரியாட்டினின் பார்த்துவிட்டு டாக்டர் அந்தத் தாளில் கடைசியாக இருந்த மருந்தை எழுதினார். 1953-லிருந்து இருக்கும் மருந்து, சிறுநீரில் மட்டும் போய்த் திரளும். பெரியம்மாவுக்குத் திருப்தியில்லை. “இவ்ளோ பழைய மாத்திரையா?”

குணமான பிறகு ‘எதுக்கும் இன்னொரு டெஸ்ட்’ என்று கிளம்பியவரை டாக்டர் தடுத்துவிட்டார். வயதான பெண்களின் சிறுநீரில், எந்தத் தொந்தரவும் இல்லாமலே கிருமி குடியிருப்பது சகஜம். கர்ப்பிணிகள், சிறுநீர்ப்பாதை அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள் நீங்கலாக, தொந்தரவில்லாதவர்களிடம் அதைத் தேடிப்பிடித்து மருந்து கொடுத்தால் மிஞ்சுவது அடுத்த ‘ஆர்’தான். ஆனால் அந்தத் தாளை மட்டும் தொலைக்காதீர்கள் என்றார். அடுத்த தடவை முதல் நாள் மாத்திரையை ஊகிக்க அதைவிட நல்ல துப்பு கிடையாதாம்.

பீரோவில் எல்ஐசி பத்திரமும் கேஸ் புத்தகமும் இருக்கும் துணிக்கடைப் பையில் இப்போது அதுவும் இருக்கிறது, ‘வளர்ச்சி இல்லை’ தாளோடு பின் அடித்து.